மைக் வாங்குறதுக்கு முன்னாடி மெத்தையைத் தூக்குங்க

போன செமஸ்டர்ல எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். மூலமா ஒரு வேலை வந்துச்சு. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகத்தை வாசித்து, ஆடியோவா ரெக்கார்ட் பண்ணிக் கொடுக்கணும். எனக்கு வந்தது நவீன இந்திய வரலாறு. கேட்கப்போறது வேற காலேஜ்ல பி.ஏ. முதல் வருஷம் படிக்கிற ஒரு தம்பி.

வாசிக்கிறதுல என்ன பெரிய கஷ்டம்னு நினைச்சேன். ஹாஸ்டல் ரூம்ல டேபிள் மேல ஃபோனை வெச்சேன், ஃபேனை அஞ்சுல வெச்சேன், 42 நிமிஷம் ஒரே மூச்சா ஒரு பாடத்தை முடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். மறுநாள் அவன்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட்.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ். ஆனா நீங்க ஏதோ கல்யாண மண்டபத்துல இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. நான் எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேட்பேன். அப்போ வார்த்தை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. கவுன்சில் சட்டம் ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தி ஒண்ணா, இருபத்தி ஒண்ணா?"

1861. நான் சரியாத்தான் வாசிச்சிருந்தேன். ஆனா அவன் காதுக்குப் போய்ச் சேரல. நமக்கு சந்தேகம் வந்தா புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். அவனுக்கு என் ஆடியோதான் புத்தகம். அதுல எழுத்து அழிஞ்சிருந்தா பரீட்சையில தப்பு அவன் பேர்லதான் விழும்.

உடனே நான் பண்ணது, எல்லாரும் பண்ற அதே தப்பு. ஃப்ரெண்ட்கிட்ட கெஞ்சி ஒரு யூ.எஸ்.பி. கண்டன்சர் மைக் வாங்கிட்டு வந்தேன். அதே ரூம், அதே டேபிள், ரெண்டு அடி தள்ளி வெச்சு ரெக்கார்ட் பண்ணேன். கேட்டுப் பார்த்தா எக்கோ அப்படியே இருக்கு. கூடவே காரிடார்ல யாரோ பக்கெட் வைக்கிற சத்தமும் தெளிவா கேட்குது! நல்ல மைக் ரூமையும் சேர்த்து நல்லாப் பதிவு பண்ணிடுச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். வீட்டில் ரெக்கார்ட் பண்ற எல்லாருக்கும், அதாவது பாட்காஸ்ட், ப்ராஜெக்ட் வீடியோ, கவர் பாட்டு எது பண்ணாலும், இந்த வரிசை உதவும்: முதல்ல தூரம், ரெண்டாவது ரூம், மூணாவது சத்தம், கடைசியாத்தான் மைக்.

தூரம்: காசு செலவே இல்லாத அப்கிரேட்

ஃபோனுக்கு ரெண்டு விதமான ஒலி போகுது. ஒண்ணு, வாயில் இருந்து நேராகப் போவது. இன்னொண்ணு, சுவர், தரை, சீலிங்ல மோதித் திரும்பி வருவது. நேராகப் போகும் ஒலி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஆனா மோதித் திரும்பும் ஒலி ரூம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் பரவியிருக்கும். மைக்கை எங்க வெச்சாலும் அது பெருசா மாறாது.

இதை வெச்சு கணக்குப் போடுங்க. 3 அடி தூரத்தில் இருந்த ஃபோனை 6 அங்குலத்துக்குக் கொண்டு வந்தால் தூரம் ஆறில் ஒரு பங்கு. நேர் ஒலியின் செறிவு 36 மடங்கு கூடும், சுமார் 15 டெசிபெல். எக்கோவும் ஃபேன் சத்தமும் இருந்த அளவிலேயே இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாம குரலுக்கும் குப்பைக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி கிடைச்சிடுது.

ரொம்பக் கிட்ட போனா வேற பிரச்சினை. 'பாடம்', 'பிறகு' மாதிரி ப-வில் தொடங்கும் சொற்களில் காத்து நேரா மைக்ல அடிச்சு 'பொத்'துனு கேட்கும். அதனால மைக்கை வாய்க்கு நேராக வைக்காம, கொஞ்சம் பக்கவாட்டுல, கன்னத்தோட ஓரமா வைங்க. காத்து நேரா போயிடும், ஒலி மட்டும் மைக்குக்கு வரும். ஃபோன்ல பேசும் மைக் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்துல இருக்கும். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும், கை அதை மூடக்கூடாது. டேபிள் மேல படுக்க வைக்காதீங்க. டேபிள்ல பட்டுத் திரும்புற ஒலியும் நேர் ஒலியும் கலந்து குரல் குழாய்க்குள்ள இருந்து வர மாதிரி ஆகிடும்.

ரூம்: ஹார்வர்டில் ஒரு குஷன் கதை

எக்கோவை எப்படிக் குறைக்கிறதுன்னு தேடினப்போ கிடைச்ச கதை இது. 1895-ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு லெக்சர் ஹால் கட்டியிருந்தாங்க. அங்க பாடம் நடத்தினா யாருக்கும் புரியல. ஒரு வார்த்தை சொன்னா அது அடங்க சுமார் ஐந்தரை விநாடி ஆச்சு. அதுக்குள்ள அடுத்த பத்துப் பதினஞ்சு வார்த்தை வந்து மேல விழும். சரி பண்ணச் சொல்லி இருபத்தேழு வயசு இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன்கிட்ட கொடுத்தாங்க.

அவர்கிட்ட இருந்த கருவி ஒரு ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப் வாட்ச், ரெண்டு காது. தெரு அடங்கின பிறகு ராத்திரியில, பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து ஹால்ல அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளப்பார். காலைக்குள்ள மெத்தை எல்லாம் திரும்பப் போயிடணும். இந்த அளவீடுகள்ல இருந்து வந்ததுதான் இன்னிக்கும் நாம பயன்படுத்துற சபைன் சூத்திரம்: ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். 1900-ல திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹாலுக்கு அவர்தான் ஒலியியல் ஆலோசகர்.

நம்ம ரூமுக்குப் போடுவோம். நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 மீட்டர்னு வைங்க. கன அளவு 27, உள்பரப்பு 54 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் படுற ஒலியில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் உறிஞ்சும். அப்போ மொத்த உறிஞ்சல் 1.6, காலி ரூம்ல ஒலி அடங்க சுமார் 2.7 விநாடி. கட்டில், துணி, ஆள் எல்லாம் இருந்தா இதைவிடக் குறையும். இப்போ மெத்தை, கம்பளி, தொங்குற துணின்னு பாதி ஒலியை உறிஞ்சும் பொருளை 10 சதுர மீட்டருக்கு வைக்கிறோம். உறிஞ்சல் 6.6 ஆகும், நேரம் 0.66 விநாடிக்கு இறங்கிடும். நாலுல ஒரு பங்கு!

தமிழுக்கு இது ஏன் முக்கியம்னு எனக்குப் பிறகுதான் உறைச்சது. 'படம்', 'பட்டம்' ரெண்டும் சொல்லிப் பாருங்க. 'ட்ட' வரும்போது நாக்கு மேல ஒட்டி, ஒரு நொடிப்பொழுது ஒலியே நின்னுபோகுது. அந்தச் சின்ன மௌனமும் எழுத்தோட ஒரு பகுதிதான். எக்கோ ரூம்ல முன்னாடி சொன்ன 'ப'வோட வால் வந்து அந்த மௌனத்தை நிரப்பிடும். எடு-எட்டு, பாடு-பாட்டு எல்லாத்துக்கும் இதே கதைதான். ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டினா எக்கோவும் சேர்ந்துதான் சுருங்குது. ஆனா பிரிச்சுப் புரிஞ்சுக்க மூளைக்குக் கிடைக்கிற நேரமும் பாதி ஆகிடுது. தம்பி 'ஒட்டிக்குது'ன்னு சொன்னது இதைத்தான்.

நாங்க பண்ணது இதான். ரூம் மேட் மெத்தையையும் என் மெத்தையையும் எடுத்து ரெண்டு சுவருக்கும் சாய்ச்சு, மூலையில ஒரு 'ட' மாதிரி வெச்சோம். நான் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிர்ல கொடிக்கயிறு கட்டி கம்பளியும் ரெண்டு போர்வையும் தொங்கவிட்டோம். கீழே பாய் மேல ஜமுக்காளம். வீட்டுல இருந்தா இன்னும் சுலபம்: துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வெச்சு அதுக்கு முன்னாடி உட்காரலாம். போர்வையைத் தலைக்கு மேல போர்த்திக்கிட்டும் பேசலாம், வேர்க்கும் அவ்வளவுதான்.

யூடியூப்ல காட்டுற மாதிரி முட்டை அட்டையை ஒட்டாதீங்க. அது மெல்லிசு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர் அளவு. மெல்லிய அட்டையும் ஃபோமும் கீச்சு ஒலியைக் கொஞ்சம் குறைக்கும், கனமான ஒலியைத் தொடக்கூட முடியாது. அதுக்குத் தடிமன் வேணும். மெத்தை அந்த வேலைக்குப் பொறந்தது.

சரியா இருக்கான்னு பார்க்க ஒரு கை தட்டுங்க. தட்டின பிறகு 'ணிங்'னு ஒரு வால் கேட்டா இன்னும் துணி வேணும். 'தப்'புனு செத்துப்போனா ரூம் ரெடி.

சத்தம்: கரண்ட் கட் நம்ம நண்பன்

ஃபேனை நிறுத்தியே ஆகணும், வேற வழியில்ல. நாங்க 15 நிமிஷம் ரெக்கார்டிங், 5 நிமிஷம் ஃபேன்னு பிரிச்சுக்கிட்டோம். ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க. பழைய ட்யூப் லைட் சோக், ஃப்ரிட்ஜ், லேப்டாப் ஃபேன் எல்லாமே ரீங்காரம் போடும். ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணா மறக்காம ஆன் பண்ணுங்க, இல்லைன்னா அம்மாவோட சத்தம் ரெக்கார்டாகும். கரண்ட் போன நேரம்தான் இருக்கிறதிலேயே அமைதியான நேரம், பக்கத்துல ஜெனரேட்டர் இல்லாத வரைக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 10 விநாடி பேசாம ரெக்கார்ட் பண்ணுங்க. அதை ஹெட்ஃபோன்ல போட்டுக் கேட்டா ரூம்ல என்னென்ன கத்துதுன்னு தெரியும். ஒலிப்புத்தகங்களை வாங்கிக்கொள்ளும் ஏசிஎக்ஸ் தளம் இந்த அமைதி மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருக்கணும்னு கேட்குது. நாம ஆடிபிளுக்கு அனுப்பலைன்னாலும் இலக்கு வெச்சுக்க நல்ல எண்.

லெவலும் ஃபைலும்

ரெக்கார்ட் பண்ணும்போது உச்ச லெவல் மைனஸ் 12-ல இருந்து மைனஸ் 6-க்குள்ள இருக்கட்டும். 0-வைத் தொட்டா அலையோட தலை வெட்டுப்படும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. கம்மியா இருந்தா பிறகு ஏத்திக்கலாம்.

வாவ் ஃபார்மட்டில், 44,100 சாம்பிளிங்கில் ரெக்கார்ட் பண்ணுங்க. காதுக்குக் கேட்கும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நைக்விஸ்ட் சொன்னபடி அதுக்கு ரெண்டு மடங்கு இருந்தா போதும். எம்பி3 ஆக்குறது கடைசி வேலை. வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பினா அது மறுபடி சுருக்கிடும். 'டாக்குமென்ட்'னு தேர்ந்தெடுத்து அனுப்பினா ஃபைல் அப்படியே போகும்.

எடிட் பண்ண ஆடாசிட்டி போதும், இலவசம். முதல்ல 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் ஃபில்டர் போட்டா அடிவயித்து உறுமல் போயிடும். பிறகு அந்த 10 விநாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குச் சாம்பிளா கொடுங்க. அளவா வைங்க, அதிகமாப் போட்டா தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆகும். இது ஒரே சீராக வரும் ஃபேன் சத்தத்துக்குத்தான் சரிப்படும். எக்கோ உங்க குரலோட நகலே, அதனால அதைப் பிரிக்கிறது கஷ்டம். இப்போ ஏஐ கருவிகள் எக்கோவைக் குறைக்குது, ஆனா சில இடத்துல எழுத்தையும் சேர்த்து மழுக்கிடும். வருஷக் கணக்கு வரும் பாடத்துல அந்த ரிஸ்க் எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்.

இவ்வளவும் பண்ண பிறகும் போதலைன்னா மைக் வாங்குங்க. பேச்சுக்கு ஒரு காலர் மைக்கே நல்லா வேலை செய்யும், முக்கியக் காரணம் அது வாய்க்குப் பக்கத்துல இருக்கிறதுதான். அமைதியில்லாத ரூம்னா, வாய்க்கு ரொம்பக் கிட்ட வெச்சுப் பேசுற டைனமிக் மைக் பாருங்க. கண்டன்சர் வாங்கினா ரூமையும் கவனிக்கத் தயாரா இருங்க.

ஃப்ரெண்டோட மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டு, அந்த முதல் பாடத்தை மெத்தைக் கோட்டைக்குள்ள உட்கார்ந்து ஃபோன்லயே மறுபடி வாசிச்சேன். 1861-ஐ 'ஒண்ணு எட்டு ஆறு ஒண்ணு'ன்னு தனித்தனியாவும் ஒரு தடவை சொன்னேன். அனுப்பின ரெண்டு மணி நேரத்துல பதில் வந்துச்சு.

"அக்கா, இப்போ பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டரை மடங்கு வேகத்துலயும் புரியுது. ஒண்ணே ஒண்ணு, பக்கம் திருப்புறப்போ பேச்சை நிறுத்திட்டுத் திருப்புங்க. சரசரன்னு வந்து ஒரு பேர் போயிடுச்சு."

மூணாவது தடவையும் வாசிச்சேன். இந்தத் தடவை பக்கங்களைப் பிரிச்சு, கட்டில் மேல பரப்பி வெச்சுக்கிட்டு.