முதல் வேலைக்குச் சின்ன விமானம் போதுமா?

வட்டார விமான நிறுவனமொன்றில் துணை விமானியாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. திருமண வீடுகளில் என்னைப் பார்க்கும் உறவினர்கள் இன்னமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏன் தம்பி, பெரிய பிளேன் கிடைக்கலையா?”

நான் ஓட்டுவது ஏடிஆர் 72. சுமார் 70 பேர் அமரக்கூடிய, இரண்டு காற்றாடிகள் கொண்ட விமானம். சுபாங்கிலிருந்து பினாங்குக்கோ கோத்தா பாருவுக்கோ பறந்தவர்களில் பலர் இதில் ஏறியிருப்பீர்கள். காற்றாடியைப் பார்த்ததும் பழைய காலத்து விமானம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காற்றாடியைச் சுழற்றுவதும் ஜெட் வகை டர்பைன் இயந்திரம்தான். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 35,000 அடி வரை ஏறினால், ஏறிய கையோடு இறங்க வேண்டியிருக்கும். குறைந்த உயரத்தில், குறைந்த எரிபொருளில் போய்வர இதுவே ஏற்றது. அதனால்தான் ஃபயர்ஃபிளை, பாத்தேக் ஏர், மாஸ்விங்ஸ் என்று நம் நாட்டில் பல நிறுவனங்கள் இதை வாங்கின.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். பயிற்சி முடித்தபோது என் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இந்த ஏடிஆர் வேலை. அடுத்த மாதமே சேரலாம். மற்றொன்று, ஜெட் விமானங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் காத்திருப்புப் பட்டியல். தேர்வில் தேறிவிட்டேன், இடம் வரும்போது அழைப்போம் என்று கடிதம் வந்தது. எந்த மாதம், எந்த ஆண்டு என்று அதில் இல்லை.

என் பயிற்சிச் செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் எங்கள் வீட்டை வைத்துத்தான் அப்பா கடன் எடுத்தார். தவணை தொடங்கிவிட்டது. தங்கை படிவம் 5-இல் இருந்தாள். அவளுடைய படிப்புக்கு என்ன செய்வது என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்காததே எனக்குப் பாரமாக இருந்தது. போதாததற்கு, பறக்காத விமானியின் உரிமம் அரைத்து வைத்த மாவைப் போன்றது; நாள் போகப் போகப் புளிக்கும். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியை ஆண்டுதோறும் பறத்தல் தேர்வில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழும் அப்படித்தான். வேலையில் இருந்தால் இதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலையில்லாவிட்டால் ஒவ்வொன்றும் சொந்தப் பணம்.

அமெரிக்காவில் என் வயதுக்காரருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியராக இருந்து அந்த மணி நேரத்தைச் சேர்ப்பார்கள். பிறகு ஸ்கைவெஸ்ட், என்வாய் போன்ற வட்டார நிறுவனங்களில் சேர்வார்கள். அங்கிருந்து பெரிய நிறுவனம். ஏணிப்படி மாதிரி. நம்மிடம் அப்படி இல்லை. இருநூறு மணி நேரத்தோடு பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியே வருபவர், வாய்ப்பிருந்தால் நேராக ஏர்பஸ் 320-இன் வலப்பக்க இருக்கையில் உட்காரலாம். சிங்கப்பூரில் உள்நாட்டுப் பயணமே கிடையாது; அங்கே சின்ன விமானம் என்றால், ஸ்கூட் 2024-இல் கொண்டுவந்த 112 இருக்கை எம்பிரேயர்தான். அதுவும் ஜெட். ஆகவே ஏடிஆரைத் தேர்ந்தெடுத்தால், வேறு வழியில்லாமல் எடுத்ததாகவே ஊர் நினைக்கிறது.

நான் எடுத்ததற்கு முதல் காரணம் கணக்கு. இதுவரை சுமார் 2,000 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஒரு பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு பயணம். கேப்டனும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். அப்படியானால் ஏறக்குறைய ஆயிரம் முறை நானே தரையிறக்கியிருக்கிறேன். இதே 2,000 மணி நேரத்தைக் கோலாலம்பூர் – லண்டன் போன்ற தடத்தில் கழித்தால் 150 பயணம்கூட வராது. அதையும் மூன்று நான்கு விமானிகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

குறுகிய தூரம் பறக்கும் ஏர்பஸ் 320 விமானிக்கும் நாளைக்கு நான்கு பயணம் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கையில் அவர்கள் எனக்குக் குறைந்தவர்கள் இல்லை. வேறுபாடு கைவேலையில் இருக்கிறது. ஏர்பஸில் இயந்திர விசையைக் கணினியே கூட்டிக் குறைக்கும். ஏடிஆரில் அந்த வசதி இல்லை. இறங்கும்போது வேகத்தை நம் கைதான் பிடிக்க வேண்டும். விசையை மாற்றும்போதெல்லாம் காற்றாடியின் இழுப்பில் மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். காலால் சுக்கானை மிதித்து நேர்படுத்த வேண்டும். முதல் மூன்று மாதம் என் கேப்டன் ஒருவர் வாய் ஓயாமல் “காலு, தம்பி, காலு” என்பார். தைப்பிங்காரர். அவர் குரல் இன்னும் காதில் கேட்கிறது.

அடுத்தது வானிலை. நம் பகுதி இடிமேகங்கள் 40,000, 50,000 அடி வரை வளரும். அவற்றை எந்த விமானமும் நேராகத் துளைத்துப் போவதில்லை. ஆனால் உயரத்தில் போகும் ஜெட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன மேகங்கள் பொருட்டில்லை; நாங்களோ 16,000, 18,000 அடியில் அவற்றின் நடுவே வழி தேடுவோம். மேகத்துக்குள் பனி உறையத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்துவரும் ‘சுமத்ரா’ புயல்வரிசையை ரேடாரில் பார்த்து, இப்போது புறப்படலாமா, அரை மணி நேரம் பொறுக்கலாமா என்று கேப்டனோடு உட்கார்ந்து முடிவெடுப்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. என்னோடு படித்த நண்பன் மிரியிலிருந்து ட்வின் ஆட்டர் ஓட்டுகிறான். வெறும் 19 இருக்கை. மருடி, லோங் லெல்லாங், பா கெலாலான், பாரியோ என்று உள்ளூர்ச் சிற்றோடுதளங்கள். பைகளோடு பயணிகளையும் தராசில் ஏற்றி எடை பார்த்துத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். பாரியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது; மேகம் மூடினால் திரும்பி வர வேண்டியதுதான். வெட்டுமரப் பாதையில் போனால் ஒரு பகலை விழுங்கும் ஊர் அது. மருந்து, கர்ப்பிணிப் பெண், பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். வேலையில் அவனுக்கு இருக்கும் மனநிறைவு எனக்குக்கூட இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அவன் வீடு தீபகற்பத்தில். சரவாக்கில் வேலை செய்ய நம்மவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். தீபாவளிக்கு வீடு திரும்ப விமானச் சீட்டு வேண்டும். தளம் எந்த ஊரில் என்பதைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேளுங்கள். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்ததைக் கவனிக்காமல், எச்சரிக்கை வந்தபின் கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம். ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. நெவார்க்கில் வேலைக்கு வர, துணை விமானி முந்தைய இரவு முழுதும் சியாட்டிலிலிருந்து வேறு விமானங்களில் பயணம் செய்திருந்தார். கேப்டனின் வீடும் தொலைவில்தான். அன்றிரவு அவர் ஊழியர் ஓய்வறையில் தங்கியிருந்தார். இருவரின் களைப்பும் பணியைப் பாதித்திருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு எழுதியது. முன்பு சொன்ன 1,500 மணி நேர விதி, இந்த விபத்துக்குப் பிறகு வந்ததுதான்.

சம்பளத்தில் ஏடிஆர் குறைவுதான்; மறைக்க ஒன்றுமில்லை. பறக்கும் மணி நேரத்துக்குப் படி கொடுக்கும் இடத்தில் இது இன்னும் உறைக்கும். பத்து மணி நேரம் பணியில் இருந்தாலும், இயந்திரம் ஓடியது நான்கு மணி நேரம்தான் என்று கணக்கு வரும். படி மணி நேரத்துக்கா, பயணத்துக்கா என்று நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேட்கலாம். பின்னாளில் ஜெட்டுக்கு மாறும்போது காற்றாடி விமான மணி நேரத்தைச் சில நிறுவனங்கள் முழுதாக ஏற்பதில்லை. இதையும் தெரிந்தே உள்ளே வர வேண்டும்.

சம்பளத்தைவிட நான் அதிக நேரம் செலவிட்டது ஒப்பந்தத்தில். ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதிப் பயிற்சி உண்டு. டைப் ரேட்டிங் என்பார்கள். நிறுவனம் அந்தச் செலவை ஏற்றால், இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், முன்னதாக விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கும். அப்பா லாரி ஓட்டுநர். தவணைக்கு லாரி எடுத்து, ஒப்பந்தத்தோடு மல்லுக்கட்டியவர். என் தாள்களை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு இரவு படித்தார். “உள்ள போற வழி பெருசா போட்டிருக்கான். வெளிய வர்ற வழி எங்க இருக்கு பாரு” என்றார்.

அவர் சொல்லித்தான் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப்போனேன். பாண்ட் தொகை மாதாமாதம் குறையுமா, கடைசி நாள் வரை முழுதாக நிற்குமா? யார் பிணையாளர்? நிறுவனமே ஆள்குறைப்புச் செய்தால் பாண்ட் என்னவாகும்? மனிதவள அதிகாரி சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பிரிவாகக் காட்டினார். தொகை மாதந்தோறும் குறையும் என்பதும், ஆள்குறைப்பில் பாண்ட் செல்லாது என்பதும் எழுத்தில் இருந்தன. அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

மூன்றாவது கேள்வி மிகையாகத் தோன்றலாம். நம் வட்டார விமானத் துறையின் வரலாற்றைப் பாருங்கள். சபா, சரவாக் உட்புறச் சேவைகள் 2006-இல் மாஸிடமிருந்து ஃபேக்ஸ் நிறுவனத்துக்குப் போயின. மறு ஆண்டே மாஸ்விங்ஸ் வந்தது. அதை வாங்க 2025 பிப்ரவரியில் சரவாக் அரசு ஒப்பந்தம் செய்தது. சிங்கப்பூரின் சில்க்ஏர் 2021-இல் தாய் நிறுவனத்தோடு கரைந்தது. மலிவுக் கட்டணச் சேவையான மைஏர்லைன் 2023 அக்டோபர் 12 அன்று ஒரே காலையில் நின்றுபோனது. பெயர்ப்பலகை மாறும், உங்கள் கடன் தவணை மாறாது.

பணம் கட்டினால் 300, 500 மணி நேரம் பயணிகள் விமானத்தில் பறக்க விடுகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து சில முகவர்கள் அழைப்பார்கள். பயிற்சி முடித்து வேலையில்லாமல் நிற்கும்போது அந்த அழைப்பு தேன்போல இனிக்கும். வேலைக்குச் சம்பளம் வாங்க வேண்டியவர் நீங்கள். கொடுக்க வேண்டியவர் அல்லர்.

நான் காத்திருக்க மறுத்த அந்தப் பட்டியலில் இருந்த இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் ஓராண்டில் அழைக்கப்பட்டு இப்போது ஜெட் ஓட்டுகிறார். என்னைவிட அதிகச் சம்பளம். மற்றவர் இன்னும் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்; இடையில் வாடகைக் கார் ஓட்டுகிறார். இருவருமே திறமைசாலிகள். தவணை கட்ட வேறு வழி இருக்கும் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் நானும் காத்திருந்திருப்பேனோ என்னவோ. தங்கை இப்போது மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு விமானப் பயிற்சிக்கு எண்ணும் தம்பி தங்கைகள் பலர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். அது உங்களுக்கே தெரியும். ஆனால் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறம் பிரித்தறியும் குறைபாடு பலருக்கு அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. மூக்குக் கண்ணாடி போட்டால் விமானியாக முடியுமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. முடியும். ஆணையம் வகுத்த அளவுக்குள் பார்வை திருத்தப்பட்டால் போதும். பறக்கும்போது கைவசம் இன்னொரு கண்ணாடியும் வைத்திருக்க வேண்டும். என்னுடையது சட்டைப்பையிலேயே இருக்கிறது.