கீஃபர் பேரி

கீஃபர் என்பது ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய ஒரு பேரிக்காய் வகையாகும். இது ஐரோப்பியப் பேரிக்கும் (பைரசு கம்யூனிசு) ஆசிய மணற்பேரிக்கும் (பைரசு பைரிஃபோலியா) இடையே தற்செயலாக ஏற்பட்ட கலப்பினம் எனக் கருதப்படுகிறது. தீக்கருகல் நோயைத் தாங்கி வளரும் திறனுக்காக இது அறியப்படுகிறது.

வரலாறு

பிலடெல்பியா நகரின் ராக்சுபரோ பகுதியில் நாற்றங்கால் நடத்திய பீட்டர் கீஃபர் என்பவர், மணற்பேரியின் விதைகளை விதைத்து வளர்த்த கன்றுகளுள் ஒன்றே இவ்வகையின் தாய்மரம் ஆகும். அருகில் நின்ற பார்ட்லெட் வகை மரத்தின் மகரந்தம் கலந்திருக்கலாம் என்பர். இம்மரம் 1863 இல் முதன்முதலாகக் காய்த்தது. 1876 இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியில் இதன் பழங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தீக்கருகல் நோய்

இந்நோயை உண்டாக்குவது எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியா ஆகும். பூக்கள் வழியாக இது மரத்தினுள் நுழைகிறது; பூச்சிகளும் மழைத்துளிகளும் இதனைப் பரப்புகின்றன. இளந்தளிர்களின் நுனி கொக்கி போல வளைந்து, இலைகள் தீயில் கருகியவை போலக் காணப்படும். நோய் அடிமரத்தை அடைந்தால் மரமே பட்டுப்போகும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கிழக்கு, தெற்கு மாநிலங்களில் ஐரோப்பிய வகைகள் இந்நோயால் பெரிதும் அழிந்தன. கீஃபர் அங்கு நிலைத்து நின்று பரவலாகப் பயிரிடப்பட்டது.

எனினும் கீஃபருக்கு முழுமையான நோய்த்தடுப்பு இல்லை. மிகுதியான தழைச்சத்து இடுவதால் தோன்றும் மென்மையான தளிர்களை நோய் எளிதில் தாக்கும். எனவே உரம் அளவோடு இடப்பட வேண்டும். நோயுற்ற கிளைகளை, கருகிய பகுதிக்குக் குறைந்தது 20 முதல் 30 செ.மீ. கீழே வெட்டி அகற்ற வேண்டும்.

வளர்ப்பு

மரம் வீரியமாகவும் நிமிர்ந்தும் வளர்ந்து, இளவயதிலேயே காய்க்கத் தொடங்கி, மிகுதியான விளைச்சல் தரும். ஓரளவு தன்மகரந்தச் சேர்க்கையால் காய்த்தாலும், அருகில் வேறொரு பேரி வகை இருந்தால் விளைச்சல் கூடும்.

பழத்தின் இயல்புகள்

பழம் பெரியது, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கியிருக்கும். பழுக்கும்போது தோல் மஞ்சள் நிறமாகும். சதை சாறு நிறைந்தது, ஆனால் கரடுமுரடானது. கடினச் சுவர் கொண்ட கல்லணுக்கள் மிகுதியாக இருப்பதால், கடிக்கும்போது மணல் போல நறநறக்கும். பச்சையாக உண்பதற்கு இது சிறந்ததன்று என்பதே பொதுவான கருத்து. 1921 இல் வெளிவந்த "நியூயார்க்கின் பேரிகள்" என்னும் நூலை எழுதிய ஹெட்ரிக்கும் இதன் சுவையைக் குறைகூறியுள்ளார்.

பெரும்பாலான ஐரோப்பியப் பேரிகளைப் போலவே இதனையும் முதிர்ந்து கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். மரத்திலேயே பழுக்கவிட்டால் உட்பகுதி முதலில் கெட்டுவிடும். பறித்தபின் மிதமான குளிர்ச்சியுள்ள இடத்தில் வைத்துப் பழுக்கச் செய்தால் சதை மென்மையடையும். கெட்டியான சதை வேகவைத்தாலும் குழைவதில்லை என்பதால், தகரப்புட்டியில் அடைக்கவும் பாகில் இட்டுப் பதப்படுத்தவும் இது ஏற்றது.

பிற்கால வகைகள்

நோயைத் தாங்கும் திறனுடன் நல்ல சுவையையும் ஒருங்கே பெறுவதே பின்வந்த பயிர்ப்பெருக்க ஆய்வுகளின் நோக்கமாயிற்று. அமெரிக்க வேளாண் துறை 1960 இல் வெளியிட்ட மேக்னெசு, மூன்குளோ ஆகிய வகைகள் இம்முயற்சியின் விளைவுகளாகும். இவற்றுள் மேக்னெசு மென்மையான, இனிய சதை கொண்டது. ஆனால் அதன் மகரந்தம் மலடானது என்பதால் பிற மரங்களைக் கருவுறச் செய்ய இயலாது.