ஒரே விடை, நான்கு படங்கள்

புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். எக்ஸ் என்று ஒரு வரிசை, ஒய் என்று ஒரு வரிசை. ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடி, தொடர்புப் போக்குக் கோட்டின் சமன்பாட்டை எழுது. விடை வந்ததும் அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

அப்படிப் போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973-ல் நான்கு சிறிய அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். எதை எடுத்துக் கணக்குப் போட்டாலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82. கோட்டின் சமன்பாடு: ஒய் = 3 + 0.5 எக்ஸ்.

இந்த விடையை எப்படிப் படிப்பது? கெழு −1-க்கும் +1-க்கும் இடையில்தான் இருக்கும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதற்கு அது அளவு. 0.82 வலுவான ஒட்டுறவு. அதன் வர்க்கம் 0.67, ஒய்யின் ஏற்ற இறக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கோட்டின் கணக்கில் சேரும். 0.5 என்பது சாய்வு. எக்ஸ் 1 கூடும் இடத்தில் ஒய் சராசரியாக அரை கூடுகிறது. ‘கூடுகிறது’ என்றுதான் சொல்லலாம். எக்ஸ்தான் ஒய்யைக் ‘கூட்டுகிறது’ என்று கெழு ஒருபோதும் சொல்லாது.

கணக்கு துல்லியமானது, படம் தோராயமானது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பைத்தான் ஆன்ஸ்கம் உடைக்கப் பார்த்தார். நாமும் வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்ப்போம்.

முதல் அட்டவணையில் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மேலே சொன்ன விளக்கம் அப்படியே பொருந்துவது இதற்கு மட்டும்தான்.

இரண்டாவது, வில்லாக வளைகிறது. எக்ஸ் 4 ஆக இருக்கும்போது ஒய் 3.10; 11-ல் 9.26, 14-க்குப் போவதற்குள் 8.10-க்கு இறங்கிவிடுகிறது. கோடோ அங்கே 10 என்கிறது. உரம் போடப் போட விளைச்சல் ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிற கதைதான்.

மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நிற்கின்றன. பதினொன்றாவது மட்டும் தனியாக மேலே: எக்ஸ் 13, ஒய் 12.74. மற்றவற்றின் வழியில் வந்திருந்தால் அது 8.5 அளவில் இருந்திருக்கும். அந்த ஒன்று இழுத்ததில் 0.35 ஆக இருக்க வேண்டிய சாய்வு 0.5 ஆகிவிட்டது. அது பதிவில் நேர்ந்த பிழையா, உண்மையிலேயே விசேஷமான ஒன்றா? தரவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்தான் தெரியும்.

நான்காவதுதான் வேடிக்கை. பத்துப் புள்ளிகளுக்கும் எக்ஸ் 8. ஒய் மட்டும் 5.25 முதல் 8.84 வரை செங்குத்தாக அடுக்கி நிற்கிறது. தொலைவில், எக்ஸ் 19-ல், ஒய் 12.50 என்று ஒரே ஒரு புள்ளி. ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். எக்ஸில் மாற்றமே இல்லாததால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டியிருக்கும். கெழுவும் வராது, சாய்வும் வராது. 0.82 என்ற அந்த வலுவான ஒட்டுறவு முழுவதும் ஒற்றைப் புள்ளியின் தயவில் நின்றிருக்கிறது.