ஓர் உருக்கு நகரின் ஹொக்கி அணி: ஜோன்ஸ்ரவுண் ஜெற்ஸ், 1950–1977

விளையாட்டு அணியொன்றின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளை நிரற்படுத்துவதோடு அமைதியடைவது வழக்கம். அணி ஏன் தோன்றிற்று, எவர் அதனைப் பார்த்தனர், எதனால் மறைந்தது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஜோன்ஸ்ரவுண் நகரில் இயங்கிய ஜெற்ஸ் என்னும் பனிக்கட்டி ஹொக்கி அணியை இவ்வினாக்களுடனேயே நாம் அணுகுகின்றோம். பனித்தளத்து ஆட்டம் நமக்கு அந்நியமானதே; கூலிக்கு உழைப்பவனின் மாலைப்பொழுது அத்துணை அந்நியமானதன்று.

ஜோன்ஸ்ரவுண் இரும்பினால் உருவான நகரம். 1852இல் தொடங்கிய கம்பிரியா இரும்புக் கம்பனியின் ஆலைகள் 1923இல் பெத்லகேம் உருக்குக் கம்பனியின் கைக்கு மாறின. போரில் மடிந்தோர் நினைவாக, ஏறத்தாழ நாலாயிரம் பேர் அமரத்தக்க அரங்கொன்று 1950இல் திறக்கப்பட்டது. அவ்வரங்கோடு பிறந்ததே ஜெற்ஸ். 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிழக்கு ஹொக்கி லீக்கின் வெற்றி அதனதாயிற்று. 1973இல் வட அமெரிக்க ஹொக்கி லீக்கிற் சேர்ந்து, 1975இல் அதன் லொக்கார்ட் கிண்ணத்தையும் பெற்றது.

இத்தகைய சிறு லீக்குகளின் ஆட்டக்காரரை, மார்க்ஸ் கூறிய தொழிலாளர் சேமப்படையோடு ஒப்பிடுதல் மிகையாகாது. மேலே இடம் கிடைப்பின் அழைக்கப்படுவர், கிடையாதுவிடின் காத்திருப்பர். காத்திருப்போன் தன்னைக் கவனிக்கச் செய்யவேண்டும். அரங்கை நிரப்பவேண்டிய முதலாளிக்கும் அதுவே தேவை. 1970களில் பனித்தளத்துக் கைகலப்பு விற்பனைப் பண்டமாயிற்று. இவ்வணியில் ஆடிய கார்ல்சன் சகோதரர் மூவரும் அதனாற் புகழ்பெற்றவர்கள்.

அவ்வாண்டுகளில் நெட் டௌட் என்பாரும் இவ்வணியில் ஆடினார். அவருடைய சகோதரி நான்சி டௌட், அணியின் வாழ்வைக் கண்டும் கேட்டும் எழுதிய திரைக்கதையே, ஜோர்ஜ் ரோய் ஹில் நெறிப்படுத்தி 1977இன் தொடக்கத்தில் வெளிவந்த ‘ஸ்லாப் ஷொட்’. நகைச்சுவைப் படமென இதனை ஒதுக்கிவிடலாகாது. படத்தில் ஆலை மூடப்படுகிறது. பத்தாயிரம் பேர் வேலையிழக்கின்றனர். சார்ல்ஸ்ரவுண் சீஃப்ஸ் என்னும் கற்பனை அணியோ அடிதடியால் அரங்கை நிறைக்கிறது. அணியை விற்க முடியுமெனினும், வரிக் கணக்கில் நட்டமாகக் காட்டிக் கலைப்பதே இலாபம் என்கிறார் உரிமையாளர். முதலாளித்துவத்தின் தருக்கத்தை இத்துணை எளிதாக வெளிப்படுத்திய காட்சிகள் அமெரிக்க வணிகத் திரையில் அரியன. எனினும், வன்முறையின் வியாபாரத்தை எள்ளும் இப்படம் அதே வன்முறையைக் காட்டியே நுழைவுச்சீட்டு விற்றது. இம்முரண்பாட்டைப் படைப்பின் குறையென்பதிலும், அப்படைப்பு உருவான சந்தையின் இயல்பென்பதே பொருத்தமாகும்.

படம் வெளிவந்த அவ்வாண்டு ஜூலையில் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர், அரங்கும் சேதமுற்றது. ஜெற்ஸ் மீண்டும் ஆடவில்லை. வெள்ளமே அணியை அழித்தது என்பது வழக்கமான விளக்கம். பொய்யன்று, போதாது. அதே ஆண்டில் லீக்கும் கலைந்தது. பெத்லகேம் கம்பனி ஆயிரக்கணக்கானோரைக் குறைப்பதாக அறிவித்ததும் அதே கோடையிலேயே. இந்நகரில் வெள்ளம் முற்றிலும் இயற்கையின் செயலாக இருந்ததுமில்லை: 1889இல் 2,209 உயிர்களைக் கொண்ட வெள்ளம், கார்னெகி, ஃபிரிக் முதலிய செல்வந்தர் அங்கத்தவராயிருந்த கழகமொன்றின் பராமரிப்பற்ற அணை உடைந்ததனால் வந்ததாகும். ஆயினும் அணியின் மறைவை ஆலையின் நெருக்கடிக்கு நேரடிப் பிரதிபலிப்பெனக் கொள்வது யாந்திரிகமான பார்வை. வேலையின்மை உச்சமுற்ற 1980களிலேயே அங்கு மீண்டும் ஹொக்கி அணி எழுந்தது.

1988 ஜனவரியில் ஆடத் தொடங்கிய அவ்வணி, திரைப்படத்தின் கற்பனை அணியினது பெயரையே ஏற்று ஜோன்ஸ்ரவுண் சீஃப்ஸ் எனப்பட்டது. பெத்லகேம் கம்பனி 1992இல் அங்கு உருக்குற்பத்தியை நிறுத்தியது. சீஃப்ஸ் அதன் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆடி, 2010இல் தென் கரோலினாவின் கிறீன்வில் நகருக்கு இடம்பெயர்க்கப்பட்டது.