பனியில் கியூ... பந்துக்குச் சண்டை! அமெரிக்காவில் ஒரு பங்காளித் தகராறு

கோஷ்டி மோதல் என்றால் நமக்கு ஞாபகம் வருவது சோடா பாட்டிலும் சைக்கிள் செயினும் தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு கோஷ்டி மோதல் நடந்து வருகிறது. ஒரு கோஷ்டி ஹோப் கல்லூரி. இன்னொரு கோஷ்டி கால்வின் கல்லூரி. ஆயுதம் ஒரே ஒரு கூடைப்பந்து!

ஜனவரி, பிப்ரவரி மாதம் பிறந்தால் போதும், இரண்டு ஊரும் இரண்டு படுகிறது. ஹோப் இருப்பது ஹாலண்ட் என்ற சின்ன ஊரில். கால்வின் இருப்பது கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில். நடுவில் 30 மைல். நம்ம சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம் கூட இல்லை. ஆனால் ஆட்டம் நெருங்கும் வாரத்தில் அந்த 30 மைல் தூரம் இரண்டு நாட்டு எல்லை மாதிரி ஆகிவிடும். இந்தப் பக்கம் ஆரஞ்சும் நீலமும். அந்தப் பக்கம் அரக்கும் பொன் நிறமும். எதிரி நிறத்தில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தால் கூட கேலி தான்.

குளிர் காலம். பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி. பேர் தான் ஏரி. கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. அந்த ஏரிக் காற்றில் கிளம்புகிற பனி, ரோட்டில் முழங்கால் அளவுக்குக் கொட்டும். அந்தப் பனியில் தான் பையன்களும் பெண்களும் அரங்கத்து வாசலில் கியூ நிற்கிறார்கள். நாம் புதுப்பட ரிலீசுக்கு நிற்கிறோமே, அதே கதை தான். இங்கே வெயில், அங்கே உறைபனி. அவ்வளவு தான் வித்தியாசம்.

"அப்படி என்னய்யா அந்த ஆட்டத்தில்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

சம்பளமும் இல்லை, சலுகையும் இல்லை!

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் கோடிக் கணக்கில் டாலர் புரளும் சமாசாரம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது முதல் பிரிவு. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள். டி.வி.யில் காட்டுவதும் அவர்களைத்தான்.

ஹோப்பும் கால்வினும் மூன்றாம் பிரிவு. இரண்டிலும் மாணவர் எண்ணிக்கை மூவாயிரம் சொச்சம் தான். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு பைசா ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆறரை அடி உயரப் பையன் ஆனாலும் மற்ற மாணவர்களைப் போலத் தான் சம்பளம் கட்டிப் படிக்க வேண்டும். காலையில் கெமிஸ்டிரி லேப். மாலையில் பிராக்டீஸ். ராத்திரி பரீட்சைக்குப் படிப்பு. படிப்பு முடிந்தால் ஒருவன் வாத்தியார், ஒருவன் பாங்க் ஆபீசர், ஒருவன் டாக்டர். ஆட்டத்தை வைத்துப் பிழைக்கப் போகிறவன் அபூர்வத்திலும் அபூர்வம்.

அதனால் தான் கடைசி வருஷ மாணவனுக்கு இந்த ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை. இதில் கோட்டை விட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது. நாற்பது வயதில் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் போதும் "அன்றைக்கு அந்தப் பந்தை நீ போட்டிருக்கலாமே" என்று கேட்க ஊரில் ஆள் இருக்கும்!

இரண்டு அணியும் விளையாடுவது எம்.ஐ.ஏ.ஏ. என்கிற லீக்கில். 1888ல் ஆரம்பித்தது. அமெரிக்காவில் மிகப் பழைய கல்லூரி லீக் என்று அதற்குப் பெயர். கால்வின் அதில் சேர்ந்தது 1953ல். அதிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் இரண்டு ஆட்டம் உறுதி. ஒன்று சொந்த ஊரில், ஒன்று எதிரி ஊரில். இரண்டு அணியும் லீக் முடிவில் நடக்கும் போட்டியில் மோதினால் மூன்றாவது ஆட்டமும் உண்டு. அந்தப் போட்டியில் ஜெயிக்கிற அணிக்குத் தேசியப் போட்டிக்கு நேரடி சீட்டு. மற்றவர்கள் கமிட்டி கூப்பிடுமா, கூப்பிடாதா என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். லீக் பட்டியலில் மேலே இருந்தால் சொந்த அரங்கில் ஆடலாம். ஆகவே ஜனவரியில் நழுவ விட்ட ஒரு ஆட்டம் பிப்ரவரி கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

பாகப் பிரிவினை

ஆனால் லீக் பட்டியலுக்காக மட்டும் கிழவர்களும் கிழவிகளும் பனியில் வருவார்களா? விஷயம் வேறு. இது பங்காளிச் சண்டை!

1847ல் ஹாலந்து நாட்டிலிருந்து, சொந்த மதக் கொள்கைக்காகவும் பிழைப்புக்காகவும் கப்பல் ஏறி வந்த கூட்டம் தான் இந்தப் பகுதியில் காட்டை வெட்டிக் குடியேறியது. தலைவர் வான் ரால்ட்டே என்ற பாதிரியார். ஊருக்கும் தாய்நாட்டுப் பேரையே வைத்தார்கள். இன்றைக்கும் வசந்த காலத்தில் அங்கே டியூலிப் பூத் திருவிழா. 1964ல் ஹாலந்திலிருந்து ஒரு பழைய காற்றாலையையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்!

வந்து பத்து வருஷம் ஆவதற்குள் வீட்டுக்குள் தகராறு. ஏற்கனவே அமெரிக்காவில் இருந்த பழைய டச்சு சபையோடு சேர்ந்தது தப்பு, அவர்கள் ஆசாரத்தை விட்டுவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் முணுமுணுத்தது. கோவிலில் எந்தப் பாட்டைப் பாடலாம் என்பது கூட ஒரு வழக்கு! 1857ல் சபை இரண்டாக உடைந்தது. பழைய சபைக்காரர்களின் கல்லூரி ஹோப், 1866ல் வந்தது. பிரிந்து போனவர்கள் 1876ல் தனியாக ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அது தான் வளர்ந்து கால்வின் கல்லூரி ஆனது. 2019ல் பல்கலைக்கழகம் என்று பேரும் மாறிவிட்டது.

ஒரே நாடு, ஒரே பாஷை, ஒரே வேதம். இரண்டு பக்கமும் "வான்" என்றும் "டி" என்றும் தொடங்கும் அதே பெயர்கள். ஹோப் அணிக்கு 1977 முதல் 2010 வரை கோச் வான் வீரன். கால்வினுக்கு 1996ல் வந்த கோச் வாண்டிஸ்ட்ரீக். அப்பா ஹோப்பில் படித்திருப்பார், அம்மா கால்வினில் படித்திருப்பார். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொள்கிற பாட்டி எந்த நிறத்தில் சால்வை போடுவாள், சொல்லுங்கள்? தெரியாத ஆளோடு தகராறு என்றால் இரண்டு நாளில் மறந்து போகும். பங்காளியோடு என்றால் பேரன் காலம் வரை நிற்கும். நம்ம ஊரில் வரப்புத் தகராறு பார்க்கவில்லையா?

கால்வின் அணிக்கு "நைட்ஸ்" என்று செல்லப் பேர், அதாவது போர் வீரர்கள். "கால்வினைட்ஸ்" என்று யாரோ சொன்னதைப் பத்திரிகைக்காரர் ஒருவர் "கால்வின் நைட்ஸ்" என்று காதில் வாங்கி எழுதிவிட்டாராம். அப்படித்தான் ஊரில் சொல்லுகிறார்கள். நம்ம தொழிலில் சகஜம்! ஹோப் அணிக்குப் பேர் "பறக்கும் டச்சுக்காரர்கள்".

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஊரைத் திரட்டுவது அவர்கள் பாணிக் கால்பந்து. கால்வினில் அந்த அணியே கிடையாது. 2024ல் தான் களம் இறங்கினார்கள். ஆகவே இத்தனை காலமாக இரண்டு ஊர் ஆத்திரமும் தேங்கி நின்று வடிய இருந்த ஒரே வாய்க்கால் கூடைப்பந்து.

வேலூர் சம்பந்தம்

இந்த இடத்தில் வட ஆற்காடு வாசகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ஹோப் கல்லூரியின் அந்த பழைய டச்சு சபை தான் 1853ல் நம்ம ஆற்காட்டில் மிஷன் வைத்தது. ஸ்கடர் குடும்பம் அந்த மிஷன் தான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அந்த வழி வந்தவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் இளமையில் படித்த வேலூர் ஊரீசு கல்லூரியும் அவர்கள் நடத்தியது தான். அந்த ஊரீசு குடும்பத்தின் பேரில் ஹோப் கல்லூரி வளாகத்திலும் ஒரு கட்டடம் நிற்கிறது. வேலூர்க்காரர்கள் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை!

அடுத்து ஒரு வேடிக்கை. வீடு வீடாகச் சோப்பும் சத்து மாவும் விற்கும் ஆம்வே கம்பெனி தெரியும் அல்லவா? நிலக்கோட்டையில் கூட பாக்டரி போட்டிருக்கிறார்கள். அதை 1959ல் தொடங்கிய டிவோஸ், வான் ஆண்டல் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். இருவரும் கொஞ்ச காலம் கால்வினில் படித்தவர்கள். ஆனால் ஹோப் அணி 2005 முதல் ஆடும் அரங்கத்துக்குப் பேர் என்ன? டிவோஸ் அரங்கம்! எதிரி வீட்டுப் பிள்ளை கட்டிக் கொடுத்த கூரைக்குக் கீழே நின்று கொண்டே எதிரியைக் கேலி செய்கிறார்கள் ஹோப் மாணவர்கள். அது சுமார் 3,400 பேர் கொள்ளும். கால்வின் சும்மா இருக்குமா? 2009ல் சுமார் 5,000 பேர் உட்காரும் வான் நோர்ட் அரங்கத்தைத் திறந்தது.

11,442 பேர்!

இதெல்லாம் வருவதற்கு முன்பே, 1997 ஜனவரியில் ஒரு நாள் இரண்டு கல்லூரி இடமும் போதாது என்று கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த பெரிய அரங்கத்தில் ஆட்டத்தை வைத்தார்கள். அதுவும் வான் ஆண்டல் பேரில் தான். வந்த கூட்டம் 11,442 பேர். மூன்றாம் பிரிவில் அதுவரை யாரும் காணாத கூட்டம். சம்பளம் வாங்காத கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு, வேலை நாளில், பனியில்!

அரங்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் டி.வி.க்கு முன்னால். வெளி மாநிலங்களில் பிழைக்கப் போன பழைய மாணவர்களும் சும்மா இல்லை. இரண்டு கல்லூரிச் சங்கத்தாரும் சேர்ந்தே ஒரு இடம் பிடித்து, பெரிய திரையில் ஆட்டத்தைப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஒரே அறையில் இரண்டு கோஷ்டியும்! கடைசி இரண்டு நிமிஷம் அந்த அறையில் இருப்பவர்கள் பாடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வாய்ச் சண்டையில் கால்வின்காரர்கள் எடுக்கும் முதல் அஸ்திரம் 1992, 2000. இரண்டு வருஷமும் தேசியக் கோப்பை அவர்களுக்கு. ஹோப் ஆண்கள் 1996லும் 1998லும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்று வந்தவர்கள். 1996ல் ரோவன் கல்லூரி 100–93 என்று மடக்கியது. நூறு புள்ளி விட்டுக்கொடுத்துத் தோற்றது இன்னும் ஆறாத ரணம். இந்தப் பேச்சு வந்தால் ஹோப் ரசிகர்களுக்கு முகம் சிவந்து விடும்.

பதிலுக்கு அவர்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. ஹோப் கல்லூரிப் பெண்கள் அணி! 1990, 2006, 2022 என்று மூன்று முறை தேசியக் கோப்பையைத் தூக்கி வந்திருக்கிறது. "உங்களுக்கு இரண்டு, எங்களுக்கு மூன்று" என்று விரலைக் காட்டுவார்கள். "நாங்கள் ஆண்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்" என்று அவர்கள் சமாளிப்பார்கள். "கோப்பையில் ஆண் கோப்பை, பெண் கோப்பை என்று உண்டா?" என்று இவர்கள் மடக்குவார்கள். இதில் ஹோப் பக்கம் தான் நியாயம் என்பது நமது தீர்ப்பு. வேலூர் பாசம் என்று நினைக்க வேண்டாம்.

இந்த உற்சாகத்துக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகளுக்கு இது கெட்ட காலம். பிள்ளைகள் சேருவது குறைந்து, கடன் ஏறி, ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன. இதே மிச்சிகனில் பின்லாண்டியா என்ற கல்லூரி 2023ல் மூடப்பட்டது. 125 வருஷத்துக்கும் மேலாக நடந்த கல்லூரி. அங்கேயும் கூடைப்பந்து அணி இருந்தது. அதற்கும் ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் இனி எந்த வாசலில் கியூ நிற்பது? நிரம்பி வழியும் அரங்கத்தைப் பார்த்துத் தான் ஹோப், கால்வின் பழைய மாணவர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

ஆட்டம் மொத்தம் 40 நிமிஷம். 20, 20 என்று இரண்டு பாதி. முடிந்ததும் தோற்ற ஊர்க்காரர்கள் பனி ரோட்டில் காரை உருட்டிக்கொண்டு 30 மைல் வாயைத் திறக்காமல் போவார்கள். சில வாரத்தில் மறு ஆட்டம். அப்போது அடுத்தவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும்.