அயோவாவில் ஒரு ஜூலை: மானியம் எழுதும் மேசை

வாங்க, இப்படிப் பின்பக்கமாக வாங்க! பார்த்து, காலடியில் கோப்புப் பெட்டிகள். அயோவாவின் 99 கவுண்டிகளில் ஒன்றில், அமெரிக்க மத்திய வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகம் இது. வருகிற விவசாயிகள் முன்மேசையோடு நின்றுவிடுவார்கள். நம்மை உள்ளேயே விட்டுவிட்டார்கள்!

ஜூலை 15 நெருங்குகிறது. எந்த வயலில் என்ன விதைத்தோம் என்று சொல்ல அதுதான் கடைசி நாள். வாசலில் பிக்கப் வண்டிகள், தரையெங்கும் பூட்ஸ் மண், காலையில் போட்ட காபி கெட்டிலில் கறுத்துக் கிடக்கிறது. பிரின்டர் மூச்சுவிடாமல் வான்படங்களைத் துப்புகிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். ஊழியர் பேனாவால் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார்: "இதுல என்ன போட்டீங்க?"

"மக்காச்சோளம்தான் போட்டேன். முளைச்சது பூரா களை!" அறையே சிரிக்கிறது. ஊழியர் அம்மாவும் சிரித்துக்கொண்டே "மக்காச்சோளம்" என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்த வயலுக்குத் தாவுகிறார்.

ஓரத்து மேசையைப் பாருங்கள், கணவன் மனைவி வாக்குவாதம். ஏழாம் எண் வயலில் சோயா விதைத்தது மே மாதத் தொடக்கத்திலா, கடைசியிலா? கணவர் சத்தியமே செய்கிறார். மனைவி கைப்பையைத் திறந்து, விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த குட்டி நோட்டை எடுக்கிறார். பென்சில் கையெழுத்து, ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை. மே கடைசிதான்! கணவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விலைச் சரிவுக்கான மானியம் இந்த வருட விதைப்பைப் பார்த்து வருவதில்லை. பழைய சாகுபடிக் கணக்கில் உறைந்துபோன 'அடிப்படை ஏக்கர்'களுக்குத்தான் வருகிறது, அதிலும் 85 சதவீதத்துக்கு. அரசு குறித்த விலைக்குக் கீழே சந்தை விலை இறங்கினால்தான் பணம்; அதுவும் அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபருக்குப் பிறகு. ஆனாலும் இந்த விதைப்புக் கணக்கைக் கொடுக்காதவருக்கு அது கிடையாது. அத்தனை வியர்வையும் அதற்காகத்தான்.

1933-இல் முதல் பண்ணை மானியச் சட்டம் வந்தபோது வேளாண் செயலராக இருந்த ஹென்றி வாலஸும் அயோவாக்காரர்தான். அந்தப் பத்தாண்டிலேயே வயல்களை விமானத்திலிருந்து படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக அந்தக் கதவைத் தள்ளுங்கள். நீளமான மேசை, பொருந்தாத நாற்காலிகள். கவுண்டிக் குழு கூடும் அறை இது. உறுப்பினர்கள் அதிகாரிகள் அல்ல. விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விவசாயிகள், பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஊழியர் முடிவில் குறை என்றால் முறையீடு இவர்களிடம் வரும். தன் சொந்தக் கோப்பு வந்தால் அந்த உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் பணத்தின் மேல் பக்கத்து வயல்காரரின் கண் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குழுத் தேர்தல் வாக்குச்சீட்டு நவம்பர் தொடக்கத்தில் தபாலில் வரும். டிசம்பர் முதல் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே பயிர் வைக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.