வேண்டாம் என்னும் உரிமை

சென்ற திங்கள் நம் விடுதியில் குருதிக்கொடை முகாம் ஒன்று நடைபெற்றது. நானும் கொடுத்தேன். கையில் ஒட்டிய பஞ்சுடன் அறைக்குத் திரும்பியபோது, அடுத்த அறை நண்பன் வாயிலில் நின்றான். நாகர்கோவில் பக்கத்தவன், யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவன். ஒரு சிறிய அட்டையை நீட்டினான். தனக்கு எந்த நிலையிலும் இரத்தம் ஏற்றலாகாது என்று அதில் எழுதியிருந்தது. "சாட்சிக் கையெழுத்துப் போடுவாயா?" என்றான்.

நான் திகைத்தேன். உடலியல் பயில்பவன் நான். இரத்தம் மிகுதியாக வெளியேறினால் உப்புநீர் ஏற்றி அளவை நிரப்பலாம். ஆனால் உயிர்வளியைச் சுமந்து செல்லச் சிவப்பணுக்கள் வேண்டும். உப்புநீர் அந்த வேலையைச் செய்யாது. இதை அறிந்த நானே நண்பனின் சாவுக்குச் சாட்சிக் கையெழுத்து இடுவதா? "இரண்டு நாள் பொறு" என்று சொல்லிவிட்டு, சட்டம் பயிலும் நண்பர் ஒருவர் துணையுடன் நூலகத்தில் அமர்ந்தேன். அங்கே அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

இரத்தத்தை விலக்குமாறு விவிலியம் கூறுவது உணவுக்கு மட்டுமன்றி, உடலில் ஏற்றுவதற்கும் பொருந்தும் என்பது அப்பிரிவினர் கொள்கை. 1945ஆம் ஆண்டு முதல் அவர்கள் இதை வலியுறுத்தி வருகின்றனர். மருந்தையோ அறுவைச் சிகிச்சையையோ அவர்கள் மறுப்பதில்லை.

இது மத உரிமை பற்றிய வழக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மத உரிமையைத் தருகிறது. ஆயினும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. மருத்துவத்தை மறுக்கும் உரிமையின் வேர் வேறிடத்தில் உள்ளது. வயது வந்து, தெளிந்த மனமுடைய எவரும் தம் உடலுக்கு என்ன செய்யலாம் என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்று 1914இல் நியூயார்க் நீதிபதி கார்டோசோ தீர்ப்பளித்தார். அந்த முடிவுக்குக் காரணம் மதமா, அச்சமா, வேறொன்றா என்பதைச் சட்டம் துருவுவதில்லை.

1979இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சாலை விபத்தில் சிக்கிய பெண்மணி ஒருவர் நினைவிழந்து மருத்துவமனைக்கு வந்தார். அவர் பையில் இத்தகைய அட்டை இருந்தது. கையெழுத்து இருந்தது, தேதியும் சாட்சியும் இல்லை. டாக்டர் அதைக் கண்டும் இரத்தம் ஏற்றினார். பெண்மணி பிழைத்தார், பின் வழக்கும் தொடுத்தார். சிகிச்சையில் குறையில்லை, எனினும் இசைவின்றி உடலைத் தீண்டியது அத்துமீறலே என்று கூறிய நீதிமன்றம், 20,000 டாலர் இழப்பீடு விதித்தது. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆனால் 'வேண்டாம்' என்னும் சொல் எப்போதும் செல்லுமா? 1992இல் இங்கிலாந்தில் வந்த வழக்கில், கர்ப்பிணி ஒருவர் தாயுடன் தனித்திருந்த பின் இரத்தத்தை மறுத்தார். அம்மறுப்பு அவர் சொந்த மனத்திலிருந்து வந்ததன்று, தாயின் செல்வாக்கால் வந்தது என்று கண்ட நீதிமன்றம், இரத்தம் ஏற்றியது முறையே என்றது. குழந்தைகளுக்கோ விதி வேறு. தம் கொள்கைக்காகப் பெற்றோர் தம்மையே பலியிடலாம். பிள்ளைகளைப் பலியிடலாகாது என்பது 1944இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் காட்டிய வழி.

நம் நாட்டிலோ? நினைவுடன் இருக்கக்கூடிய நோயாளியின் இசைவை அவரிடமே பெறவேண்டும், மயக்கத்தில் இருக்கையில் தாய் தரும் இசைவு போதாது என்று 2008இல் உச்சநீதிமன்றம் கூறியது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டியதற்கு மட்டும் விலக்கு அளித்தது. தெளிந்த மனமுடையவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018இல் ஐந்து நீதிபதிகள் ஏற்றனர். ஆனால் முன்கூட்டி எழுதும் ஆவணத்துக்கு அவர்கள் வகுத்த நெறிகள், மீள வழியற்ற நோயாளிகளைக் கருதியவை. விபத்தில் விழும் இளைஞனைக் கருதியவை அல்ல. குதிரையிலிருந்து வீழ்ந்து நினைவிழந்தவனுக்கு நல்லெண்ணத்துடன் அறுவை செய்யும் டாக்டர் குற்றவாளி அல்லர் என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் காட்டிய எடுத்துக்காட்டு, இன்றைய நியாய சன்ஹிதாவிலும் உள்ளது. ஆகவே இங்கு அட்டை மட்டும் டாக்டரைக் கட்டிவிடும் என்று நம்புவதற்கில்லை. இதையும் நண்பனிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை, விளையாட்டுத் திடலில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். "வீட்டாருக்காகவா, உனக்காகவா?" என்றேன். "எனக்காக" என்றான். "இறக்க நேரிடலாம், தெரியுமா?" "தெரியும்." "நான் அருகில் நின்று, என் இரத்தம் உனக்குப் பொருந்துமானால்?" சற்று நேரம் பேசாதிருந்தான். பின், "அப்போதும் அட்டையைத்தான் நீ காட்டவேண்டும்" என்றான்.

கையெழுத்திட்டேன். கை நடுங்கியதை மறைக்கவில்லை. அவன் கொள்கைக்கு நான் சாட்சி அல்லேன்; அது அவனுடைய சொந்த முடிவு என்பதற்கே சாட்சி. தோழர்களே, உங்களிடமும் ஒருவர் இத்தகைய அட்டையை நீட்டினால், வாதிடுமுன் இக்கேள்விகளை அவரைத் தனியே வைத்துக் கேளுங்கள்.